தெருவை விற்பவர்களும் தெருவில் விற்பவர்களும்

கண்டிக்கும் பேராதனைக்கும் வரும் வெளிநாட்டாருக்கென ஒரு புதிய சரக்கு விற்பனைக்கு வந்திருக்கிறது. 'தனி வழிகாட்டியுடன் தெருவுணவு உலா' என்பது அதன் பெயர். மாலையானதும் வழிகாட்டி ஒருவர் விடுதி வாசலுக்கு வருவார். முச்சக்கர வண்டியிலோ நடந்தோ அழைத்துச் செல்வார். ஓரிடத்தில் உழுந்து வடை, ஓரிடத்தில் ஆப்பம், ஓரிடத்தில் கொத்துரொட்டி, வழியில் மிளகாய்த்தூள் தூவிய அன்னாசித் துண்டு, முடிவில் ஒரு குவளைத் தேநீர். சில மணி நேரத்தில் ஒரு நாட்டையே உண்டு முடித்த திருப்தியோடு விருந்தாளி விடுதிக்குத் திரும்பலாம். ஒசாகாவிலும் ஹனோயிலும் பாங்கொக்கிலும் நடைபெறும் உலாக்களின் அச்சில் வார்க்கப்பட்ட பண்டம் இது. கட்டணம் டொலரில்.

வடை தின்பதைப் பற்றியெல்லாம் கட்டுரை எழுத வேண்டுமா என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். வேண்டும் என்பதே என் கட்சி. வெளிநாட்டான் வடை தின்பதில் எனக்கு வழக்கில்லை. வழிகாட்டி நாலு காசு சம்பாதிப்பதிலும் வழக்கில்லை. என் வழக்கெல்லாம் இதுதான்: இந்த உலா உணவை விற்கிறது, உணவின் சரித்திரத்தை மறைக்கிறது. தெருவைக் காட்டிக் காசு வாங்குகிறது, அந்தத் தெருவில் நின்று விற்பவனுக்கு நிற்கும் உரிமைகூட இல்லை என்பதைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

முதலில் பெயர்களைப் பார்ப்போம்.

விளம்பரங்கள் எல்லாவற்றிலும் தவறாமல் வரும் சொல் 'உள்ளூர்'. உள்ளூர் உணவு, உள்ளூர் மக்கள், உள்ளூர் அனுபவம். இந்தச் சொல்லைப் போலப் பெரும் பசிகொண்ட சொல் வேறில்லை. எத்தனை பெயரைக் கொடுத்தாலும் விழுங்கிவிடும். வடை சிங்களத்தில் 'வடே' ஆயிற்று. தோசை 'தோசே' ஆயிற்று. ஆப்பம் 'ஆப்ப' ஆகி, ஆங்கிலேயன் நாவில் 'ஹொப்பர்' ஆயிற்று. இடியப்பம் 'இந்திஆப்ப' ஆயிற்று. கொத்து என்பதற்கோ அகராதி தேவையில்லை, தகரத் தட்டில் இரும்பு மோதும் ஓசையே அதன் பொருளைச் சொல்லிவிடும். வட்டிலப்பத்தில் முஸ்லிம் வீட்டு அடுக்களை இருக்கிறது. அச்சாறு என்ற பெயரில் மலாயர் இருக்கிறார்கள். லம்பிரைஸ் பொதியில் ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர் இருக்கிறார்கள். கிரிபத்திலும் கொள கந்தவிலும் சிங்களக் கிராமம் இருக்கிறது. இத்தனை பேரும் சேர்ந்துதான் கண்டியின் மாலை நேரத்துத் தெரு. 'உள்ளூர்' என்று ஒற்றைச் சொல்லில் சுருட்டிக் கட்டினால் கூட்டத்தில் முதலில் காணாமற் போகிறவர் யார்? எண்ணிக்கையில் சிறியவர்தாம்.

உணவு எவருடைய சொத்துமன்று என்று உடனே ஒரு குரல் எழும். நானும் அதையே சொல்கிறேன். வடைக்குப் பட்டயம் கேட்டு நான் வழக்காட வரவில்லை. சொத்துரிமை வேறு, சரித்திரம் வேறு. பேராதனைத் தாவரவியல் பூங்காவில் ஒவ்வொரு மரத்துக்கும் பெயர்ப்பலகை உண்டு. எந்த நாட்டிலிருந்து வந்தது, எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பிரேசிலிலிருந்து வந்த மரத்துக்கு அது வந்த கதையைச் சொல்வதால் மரம் அந்நியமாகிவிடவில்லை. மரத்துக்குக் காட்டும் மரியாதையை மனிதருக்குக் காட்டினால் என்ன குறைந்துவிடும்?

குறையும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஏனென்றால் கண்டியின் தெருவுணவுக் கதையை முழுதாகச் சொன்னால் சில கசப்பான பக்கங்களையும் புரட்ட வேண்டும்.

கொத்துரொட்டிக் கடைகளில் பல முஸ்லிம்களுடையவை. 2018 பெப்ரவரி 26 ஆம் நாள் இரவு அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் என்ன நடந்தது என்பதை நினைவுகூருங்கள். கறியில் கிடந்த மாக்கட்டி ஒன்றைக் காட்டி, இது கருத்தடை மாத்திரைதானே என்று சிங்களத்தில் அதட்டிக் கேட்டார்கள். கல்லாவில் இருந்தவருக்குச் சிங்களம் சரிவர விளங்கவில்லை. தலையாட்டிவிட்டார். அந்தத் தலையாட்டல் காணொளியாகப் பரவியது. கடை அடித்து நொறுக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அது மாவுக் கட்டியே என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் உறுதிப்படுத்தினார். அப்படியொரு மாத்திரையே உலகில் இல்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். ஆனால் வதந்தி அதற்குள் மலையேறிக் கண்டிக்கு வந்துவிட்டது. தெல்தெனியவில் ஒரு தகராறில் தாக்கப்பட்ட லொறிச் சாரதி மார்ச் 3 ஆம் நாள் இறந்ததைச் சாக்காக வைத்துத் திகனவிலும் தெல்தெனியவிலும் அக்குறணையிலும் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டன. மார்ச் 6 ஆம் நாள் நாடு முழுவதற்கும் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, முஸ்லிம் கடைகளில் உண்ணாதே, வாங்காதே என்ற பிரசாரம் ஊர்கள்தோறும் நடந்தது. இதற்கும் ஒரு முன்கதை உண்டு. 1915 மே மாதம் வெசாக் காலத்தில் மூண்டு நாட்டின் பல பாகங்களுக்கும் பரவிய முஸ்லிம் எதிர்ப்புக் கலவரம் இதே கண்டி நகரில்தான் தொடங்கியது.

ஒரு கேள்விக்குச் சரியான மொழிபெயர்ப்புக் கிடைக்காமற் போனதால் ஒரு கடை நொறுங்கிய நாடு இது. அந்த நாட்டில், மொழிபெயர்த்துச் சொல்வதையே தொழிலாகக் கொண்ட வழிகாட்டி, அதே கொத்துக் கடையின் முன்னால் நின்றுகொண்டு, தாள லயத்தோடு கொத்தும் கரங்களைப் படம்பிடிக்கச் சொல்கிறார். அந்தக் கரங்கள் எதைக் கடந்து வந்து அங்கே நிற்கின்றன என்று சொல்வதில்லை. விருந்தாளியின் வயிற்றைக் கலக்க வேண்டாம் என்பது வணிக தர்மமாம். வாயைக் கட்டிக்கொண்டு வயிற்றை மட்டும் நிரப்புவதற்கு வழிகாட்டி எதற்கு? முச்சக்கர வண்டிக்காரரே போதுமே!

இனி ரொட்டிக்கும் தேநீருக்கும் வருவோம்.

உலாவின் முடிவில் வரும் தேநீரோடு ஒரு கதையும் பரிமாறப்படுகிறது. 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் கண்டிக்கு அப்பால் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார் என்பது அந்தக் கதை. உண்மைதான். அதற்கு முன் கோப்பி இருந்தது. 1869 இல் தலைகாட்டிய இலைநோய் அதைத் தின்றது. தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. இதுவும் உண்மைதான். டெயிலரின் கல்லறை கண்டி மகியாவையில் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். ஆனால் 19 ஏக்கரில் குழி வெட்டியவர் யார்? கோப்பிக் காலத்திலேயே தமிழகத்துக் கிராமங்களிலிருந்து தோணியேறி, மன்னார்க் கரையிறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள். வழியில் மாண்டவர்களுக்குக் கல்லறை கிடையாது. அந்த வருகையின் 200 ஆண்டை நினைவுகூர்ந்து 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். உலா நடத்துவோர் எத்தனை பேர் அந்த நடையைத் தங்கள் கதையில் ஒரு வரியாகவேனும் சேர்த்துக்கொண்டார்கள்?

'மலைநாட்டு ரொட்டியும் காரச் சம்பலும்' என்று இன்று சுவைபடப் பேசப்படும் உணவு, சுவைக்காகப் பிறந்ததன்று. விடியுமுன் பெரட்டுக் களத்துக்கு ஓட வேண்டிய பெண், நின்ற நிலையில் சுட்டு எடுத்துக்கொண்டு போகக்கூடியது அது ஒன்றுதான். கோதுமை மா ரொட்டி உச்சிவேளை வரை வயிற்றில் நிற்கும், மலையேறும் போது கெடாது, குழம்பு கேட்காது. மிளகாயும் உப்பும் வெங்காயமும் இடித்த சம்பல் போதும். ஒரு காலத்தில் அரிசியையும் கூலிக் கணக்கில் கழித்துக் கொடுத்த தோட்டங்கள் இவை. 1970களின் நடுவில் நாட்டில் உணவுப் பஞ்சம் வந்தபோது தோட்டப்புறத்தில் மரண விகிதம் எகிறியது. லயங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. இந்த மக்களைத்தான் 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து இத்தனை இலட்சம் உனக்கு, இத்தனை இலட்சம் எனக்கு என்று பங்கு பிரித்தார்கள். பஞ்சத்தின் உணவைப் பாரம்பரியத்தின் உணவாகப் பெயர் மாற்றி விற்பது எளிது. ஆனால் விற்ற காசில் அந்த லயத்துக்கு ஒரு சதமாவது திரும்பிப் போகிறதா?

பணத்தைப் பேசும்போது ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் தீராது. 2024 ஏப்ரலில் கொழும்பு அளுத்கடையில் ஒரு தெருவோரக் கடைக்காரர், வெளிநாட்டவர் ஒருவரிடம் ஒரு கொத்துக்கு 1,900 ரூபா சொன்னார். ஏன் இவ்வளவு என்று கேட்டவரிடம் முரட்டுத்தனமாக நடந்துகொண்டார். காணொளி பரவியது. பொலிஸார் அவரைக் கைது செய்தார்கள். அதே மாதத்தில் களுத்துறைப் பக்கம் உழுந்து வடைக்கும் வெறுந்தேநீருக்கும் அநியாய விலை கேட்டதாக இன்னொரு கைது. நாட்டின் மானம் போயிற்று என்று பத்திரிகைகள் தலையங்கம் தீட்டாத குறைதான்.

அந்தக் கடைக்காரர் செய்தது சரியென்று நான் சொல்ல மாட்டேன். விருந்தாளியை மிரட்டுவது ஈனம். ஆனால் கணக்கைப் பாருங்கள். அதே ஏப்ரலில் தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,000 ரூபா. அதுவும் பல ஆண்டுப் போராட்டத்தின் பின் 2021 இல் கிடைத்தது. 1,900 ரூபாக் கொத்து அநியாயம் என்று ஒரே நாளில் கண்ட நாடு, நாள் முழுதும் கொழுந்து பறித்தவளுக்கு அதில் பாதியளவே கூலி என்பதில் அநியாயத்தைக் காணவில்லை. யாரையும் கைது செய்யவுமில்லை. 2024 செப்ரெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவானது. 2025 நவம்பரில் வந்த வரவு செலவுத் திட்டம், அரசின் 200 ரூபாக் கொடுப்பனவையும் சேர்த்து 1,750 ஆக்க முன்மொழிந்தது. அப்போதும் அந்தக் கொத்தின் விலையை எட்டவில்லை!

இன்னொன்று. பேராதனைப் பூங்காவின் நுழைவாயிலில் உள்ளூராருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டாருக்கு அதைப் போலப் பல மடங்கு. அரசே வைத்த இரட்டை விலை அது. அதைக் கொள்கை என்கிறோம். வாயிலுக்கு வெளியே கடலை விற்பவர் வெளிநாட்டாரிடம் பத்து ரூபா கூட்டிச் சொன்னால் கொள்ளை என்கிறோம். சில நூறு ரூபா பெறுமதியான பண்டங்களை வரிசையாக ஊட்டிவிட்டு டொலரில் கட்டணம் வாங்கினால் அனுபவம் என்கிறோம். செயல் ஒன்றே. செய்பவரின் சட்டையைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது.

வழிகாட்டிக்கும் வயிறுண்டு, அவர் பட்டதாரி, வேலையில்லாதவர், இதையும் கெடுக்க வேண்டுமா என்பது நியாயமான கேள்வி. அவருடைய உழைப்புக்குக் கூலி வேண்டாம் என்று யார் சொன்னார்? ஊரறிவதும் மொழியறிவதும் உழைப்புத்தான். வெளிநாட்டவரின் வயிற்றுக்கு ஒத்துவரும் கடையைத் தேர்ந்து கொடுப்பதும் ஒரு சேவைதான். ஆனால் அந்தச் சேவையின் மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது? வடைக்காரர் உழுந்துக்கும் எண்ணெய்க்கும் விலை கொடுக்கிறார். 2022 செப்ரெம்பரில் உணவுப் பணவீக்கம் ஏறத்தாழ 95 சதவீதத்தைத் தொட்ட காலத்தில், எரிவாயு வரிசையில் நின்று அடுப்பை அணையாமற் காத்தவர் அவர். வழிகாட்டியோ, வழிகாட்டியை அனுப்பும் நிறுவனமோ, அந்தத் தெருவுக்கு என்ன விலை கொடுக்கிறது? வடையின் சில்லறை விலையை மட்டும். புகைப்படத்துக்கு விலையில்லை. கதைக்கு விலையில்லை. பத்துப் பேர் சூழ்ந்து நின்று வழக்கமான வாடிக்கையாளர் திரும்பிப் போனால் அந்த நட்டத்துக்கும் விலையில்லை.

2024 இல் இந்நாட்டுக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் 20 இலட்சத்தைத் தாண்டினர். மகிழ்ச்சி. ஆனால் அந்த வருகையின் பயன் தெருவில் நிற்பவருக்குப் போய்ச் சேர வேண்டுமானால், முதலில் அவர் தெருவில் நிற்க முடியவேண்டும். நம் நகரங்களில் பெருவிழாக் காலமும் பிரமுகர் வருகையும் நடைபாதை வியாபாரிக்கு ஓடும் காலம். தள்ளுவண்டி 'நகர அழகுக்கு இடையூறு'. அதே தள்ளுவண்டி சுற்றுலா விளம்பரத்தில் 'நகரத்தின் உயிர்த்துடிப்பு'. காலையில் இடையூறாகவும் மாலையில் உயிர்த்துடிப்பாகவும் இருப்பது எப்படி என்று அந்த மனிதர்தாம் சொல்ல வேண்டும்.

மற்ற நாடுகள் இதை எப்படிக் கையாண்டன? உலாவின் அச்சு ஜப்பானிலிருந்து வந்ததென்றால் பாடத்தையும் அங்கிருந்தே எடுப்போம். ஜப்பானின் புகுவோகா நகரம் 'யாத்தாய்' எனும் இரவுநேரத் தள்ளுவண்டிக் கடைகளுக்குப் பேர்போனது. 1990களின் நடுவில், இருப்பவரோடு இந்தத் தொழில் முடியட்டும், புதியவருக்கு அனுமதியில்லை என்ற கட்டுப்பாடு வந்தது. கடைகள் குறைந்துகொண்டே போயின. நகரம் விழித்துக்கொண்டு 2013 இல் இந்தக் கடைகளுக்கென்றே ஒரு தனிச் சட்டம் இயற்றியது. எங்கே நிற்கலாம், எப்படித் துப்புரவு பேண வேண்டும் என்று வரையறுத்தது. பிறகு பொது அறிவிப்பு வெளியிட்டுப் புதியவர்களையும் சேர்த்துக்கொண்டது. இந்தியாவின் 2014 ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டம் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீத இடத்தை வியாபாரிகளுக்கே ஒதுக்குகிறது. கணக்கெடுப்பு முடியாமல் எவரையும் அகற்றக் கூடாது என்கிறது. நடைமுறையில் ஆயிரம் ஓட்டைகள் உண்டு என்பது வேறு. ஓட்டையை அடைக்கவாவது ஒரு பாத்திரம் இருக்கிறது. இலங்கையில் அதற்கு நிகரான சட்டம் இல்லை.

நம்மால் முடியாது என்பதில்லை. பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் விவசாயத் திணைக்களம் 'ஹெல போஜுன்' என்ற உணவகத்தை அமைத்தது. கிராமத்துப் பெண்கள் தாமே சமைத்துத் தாமே விற்கிறார்கள். தண்ணீர், கூரை, துப்புரவு எல்லாம் உண்டு. குரக்கனும் அரிசிமாவும் மூலிகைக் கஞ்சியும் அங்கே மரியாதையோடு மேடையேறுகின்றன. நல்ல முயற்சி, மனமாரப் பாராட்டுகிறேன். அதே திணைக்களத்தின் கண்ணுக்கு எட்டும் தொலைவில் ஹந்தானை மலை இருக்கிறது. அந்த மலையின் லயத்துப் பெண்ணுக்கும் அப்படி ஓர் அடுப்பும் கூரையும் பெயர்ப்பலகையும் கொடுத்தால் என்ன?

இவ்வளவும் பிறரை நோக்கிச் சொன்னேன். நம்மவருக்கும் சொல்ல உண்டு. கனடாவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் விடுமுறைக்கு வரும் நம் பிள்ளைகள் இதே உலாவுக்குக் காசு கட்டுகிறார்கள். கட்டட்டும். ஆனால் மலையகத்து ரொட்டியைப் புகழ்ந்துவிட்டு, அதைச் சுட்டவரைப் பெற்றோர் வீட்டில் என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்பதை அவர்கள் அறிய வேண்டும். 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லைச் சிங்களவர் கண்டுபிடிக்கவில்லை. யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் ஒருசாராருக்கு உள்ளே இருக்கையும் மறுசாராருக்கு வெளியே போத்தலும் என்றிருந்ததைச் சிங்களவர் ஏற்படுத்தவில்லை. 1966 ஒக்டோபர் 21 ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட்டு, தொடர்ந்து தேநீர்க் கடைகளுக்குள் நுழையும் போராட்டங்கள் நடந்த பிறகுதான் அந்தப் போத்தல் உடையத் தொடங்கியது. ஆகவே 'உள்ளூர்' என்ற சொல்லில் நம் பெயர் அழிகிறதே என்று குமுறுகிறவர்கள், 'தமிழர் உணவு' என்ற சொல்லில் நாம் யார் யாருடைய பெயரை அழித்தோம் என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். பெயரைக் கேட்கும் உரிமை பெயரைக் கொடுப்பவனுக்கே உண்டு.

பேராதனை இதற்கொரு முன்மாதிரியை வைத்திருக்கிறது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கிராமத்துக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். படித்தவர்கள் ஏளனமாகப் பார்த்த கலை அது. சுருக்கினார், செப்பனிட்டார், நகரத்தார் பார்க்கத்தக்கதாக்கினார். அதனால் எழுந்த விவாதங்கள் இன்றும் உண்டு. ஆனால் கூத்தின் வேரை அவர் மறைக்கவில்லை. மட்டக்களப்பு அண்ணாவிமாரை அழைத்து வந்து, பல்கலைக்கழக மாணவருக்கு ஆசிரியராக அமர்த்தினார். கிராமத்திலிருந்து எடுத்ததைக் கிராமத்தின் பெயராலேயே மேடையேற்றினார். எடுப்பது தவறன்று. எடுத்த இடத்தைச் சொல்லாமல் எடுப்பதே தவறு.

தெருவுணவு உலா நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது அதைவிட அதிகமில்லை. கடைக்காரரின் சம்மதத்தோடு அவர் பெயரைச் சொல்லுங்கள். அவரைக் காட்சிப் பொருளாக நிறுத்தாமல் அவரே பேசும்படி இரண்டு நிமிடம் விடுங்கள், நீங்கள் மொழிபெயர்த்தால் போதும். வடையின் விலைக்கு மேல், ஒவ்வொரு விருந்தாளிக்கும் இவ்வளவு என்று முன்கூட்டிப் பேசி ஒரு பங்கு கொடுங்கள். அவருடைய வண்டியை நகரசபை தூக்க வரும் நாளில் உங்கள் சங்கத்தின் பெயரால் ஒரு கடிதமாவது எழுதுங்கள், அவர் இல்லாவிட்டால் உங்களுக்கும் தொழில் இல்லை. வழிகாட்டிக்கு உரிமம் வழங்கும் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையிடமும் ஒன்று கேட்கிறேன்: அரசர்களின் ஆண்டுகளை மனப்பாடம் செய்விப்பதோடு, இந்த நாட்டின் தட்டில் இருப்பவர்கள் யார் யார் என்பதையும் பாடத்தில் சேருங்கள்.

உலாவுக்குப் போகும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை கண்டித் தெருவில் நின்று ரொட்டியைப் பிய்க்கும்போது வழிகாட்டியிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதைச் சுட்டவரின் பெயர் என்ன? இவர் நாளைக்கும் இந்த இடத்தில் நிற்க முடியுமா? நான் கொடுத்த காசில் இவருக்கு எவ்வளவு? மூன்றுக்கும் விடை சொல்லும் வழிகாட்டி கிடைத்தால் கேட்ட கட்டணத்தைத் தயங்காமல் கொடுங்கள், அவர் அதற்குத் தகுதியானவர். விடை இல்லையென்றால் வழிகாட்டியை அனுப்பிவிட்டு, அந்தக் கடையிலேயே இன்னொரு ரொட்டி வாங்குங்கள்.